தேயிலைப் பெட்டிக்குள் நாடகாசிரியர்கள்

பிரபலமான நாடகாசிரியர்களிடம் கடிதம் வாங்கிச் சேர்ப்பதை ஒரு தொழில் என்று வைத்துக்கொண்டால், அதில் முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான், வீட்டில் திட்டு வாங்குகிறவனும் நான்தான். தபால்தலை சேர்க்கிறவர்களே, தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களே, பழைய காசு சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு புதுக் காசைச் செலவழிக்கிறவர்களே, உங்களுக்கு என் கதை புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வயிற்றுப் பாட்டுக்கு நான் பார்த்த வேலை வேறு. இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு மார்க் போடுவேன். எழுத்து வெட்டிய தகரத்தைப் பலகை மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம், நிறை எல்லாம் விழும். நாள் முழுக்க எழுத்து வேலைதான், ஆனால் என் கையெழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது. அதனாலோ என்னவோ மற்றவர் கையெழுத்தின் மேல் எனக்கு அப்படியொரு ஆசை. நாடகம் என்றால் உயிர். இரண்டும் சேர்ந்து முற்றிப்போனது.

என் சட்டம் கடுமையானது. கடிதம் முழுவதும் நாடகாசிரியர் தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும், அடியில் கையெழுத்தும் இருக்க வேண்டும். டைப் அடித்தது வேண்டாம். எடுபிடி எழுதி இவர் ஒப்பம் வைத்ததும் வேண்டாம். எங்கள் மூடுபனிக்குக் காகிதம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் உள்ளே ஈயத் தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் கடிதங்களை வைத்திருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், நாடகாசிரியர்கள் எல்லாரும் இந்தியாவில். நாங்களோ இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். நானும் என் மனைவி செல்லம்மாவும் எங்கள் பிள்ளையும் இதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள்தான். ஆனாலும் தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதால், அந்த நாட்டோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விசாரணையில் காட்ட வேண்டும். மனு தள்ளுபடியானால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க வேண்டியதுதான். என்றைக்காவது ஒரு நாள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் லயத்தில் எல்லார் வயிற்றிலும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதங்கள் எனக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன.

"ஊர்ல எல்லாரும் இந்தியாவுல ஆளில்லன்னு சாமி மேல சத்தியம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. நீங்க காசு குடுத்து ஆளு சேக்கிறீங்க" என்றாள் செல்லம்மா.

கையெழுத்துக் கேட்டால்

குளித்தலை கோவிந்த பாவலர் புராண நாடகத்தில் பெரிய புள்ளி. அவர் எழுதிய எமதர்மன் மேடையில் வந்தால் முன்வரிசையில் பிள்ளை வைத்திருப்பவர்கள் எழுந்து பின்னால் போய்விடுவார்களாம். அவருக்கு, "தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் கிடைத்தால் பாக்கியவான் ஆவேன்" என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து உறை வந்தது. உள்ளே வெள்ளைத் தாள். தாளின் நடுவில் அவருடைய கையெழுத்து. வேறு ஓர் எழுத்துக் கிடையாது. ஒப்பத்துக்கும் கையெழுத்து என்றுதான் சொல்கிறோம், எழுதுகிற எழுத்துக்கும் கையெழுத்து என்றுதான் சொல்கிறோம். தமிழில் இந்த ஒரு கஞ்சத்தனம் இல்லாவிட்டால் எனக்குப் பாதித் தபால் செலவு மிஞ்சியிருக்கும்.

விடுவேனா? "கையெழுத்துக் கிடைத்தது, மகிழ்ச்சி. இனித் தங்கள் கையெழுத்தும் வேண்டும்" என்று திரும்ப எழுதினேன். எழுதும்போது எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி ஒரு வெள்ளைத் தாள் வந்தது, மறுபடி நடுவில் கையெழுத்து. மூன்றாவது தடவை நான் எழுதியதற்குத்தான் பாவலர் கோபம் வந்து இரண்டு பக்கம் கைப்பட எழுதி, கீழே ஒப்பமும் வைத்து அனுப்பினார். என் பெட்டிக்குள் போன முதல் சுத்தமான கடிதம் அது. "தம்பி, முன்பின் தெரியாத உமக்கு வெற்றுத் தாளில் இரு முறை கையெழுத்து இட்டு அனுப்பினேன். மூன்றாவதும் கேட்கிறீர். என் வீட்டை எழுதி வாங்கத் திட்டமோ என்று என் மனைவி இரண்டு நாளாக அழுகிறாள்" என்று அதில் இருந்தது.

சந்தோஷம் தாங்காமல் செல்லம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டுவிட்டு, "அந்த வீட்லயாவது ஒரு ஆளுக்குப் புத்தி இருக்கே" என்றாள்.

எந்தப் பள்ளிக்கூடம்?

தோட்டத்தில் தபால் பை முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கே உறையைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆளுக்கு ஆள் கொடுப்பார்கள். அதனால் யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது பத்து லயத்துக்கும் தெரிந்துவிடும். எனக்கு வரும் உறைகளின் பின்புறத்தில் சிலர் தங்கள் பெயரோடு 'நாடக ஆசிரியர்' என்றும் எழுதியிருப்பார்கள். இதை யாரோ வாசித்து வீரப்பன் கங்காணியின் காதில் போட்டுவிட்டார்கள். அவர் எங்கள் லயத்துக்குப் பெரியவர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நியாயமான கவலை உள்ளவர். ஒரே அறை, அஞ்சு வகுப்பு, ஒரே வாத்தியார். அந்த வாத்தியாரும் மழை வந்தால் வரமாட்டார். எங்கள் ஊரில் மழை எப்போது வராது?

கங்காணி என்னைத் தேடி ஸ்டோருக்கே வந்தார். "ராமையா, ஒனக்கு இந்தியாவுல இத்தன ஆசிரியருங்க பழக்கமாமே. சம்பளத்துக்குத் தொரைகிட்ட நா பேசிக்கிறேன். ஒருத்தர இங்க அனுப்பச் சொல்லேன்" என்றார். நான் மை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்கள் அல்ல, நாடகம் எழுதுகிறவர்கள் என்று விளக்கினேன். அவர் ஏமாறுவார் என்று பார்த்தால் முகம் மலர்ந்தது.

"எழுதவும் தெரியுமா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நம்ம வாத்தியாருக்கு நடிக்க மட்டுந்தான் தெரியுது."

கூட்டித் தள்ளின தூள்

உறையூர் வாள்மறவன் மற்றொரு ரகம். அடுக்குமொழி மன்னர். அவர் நாடகத்தில் காவல்காரன்கூட எதுகை மோனை இல்லாமல் இருமமாட்டான். அவர் பதில் போடவே இல்லை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதாமாதம் எங்களுக்குத் தோட்டத்தில் தரும் தேயிலைத் தூளில் ஒரு பொட்டலம் கட்டிப் பார்சலில் அனுப்பினேன். கப்பலேறிச் சீமைக்குப் போகிற நல்ல தேயிலையை நாங்கள் பெட்டியில் அடைப்போம், மார்க் போடுவோம், குடிக்கமாட்டோம். எங்களுக்கு வருவது சலித்து, சலித்து, கடைசியில் தரையோடு கிடக்கிற தூள்.

பறந்து வந்தது பதில். "தம்பி! தேனோ, தெவிட்டாத தீங்கனியோ, தென்பொதிகைத் தென்றலோ என்று திகைக்க வைத்த தேயிலை தந்த தீரனே!" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். அடியில் வாள் மாதிரி ஒரு கோடு இழுத்த கையெழுத்து. பெருமையாக எங்கள் டீமேக்கர் ஐயாவிடம் காட்டினேன். தேயிலையில் கொதிநீர் ஊற்றி ருசி பார்த்து ரகம் பிரிக்கிறவர் அவர், அதிகம் பேசமாட்டார். கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"கூட்டித் தள்ளுன தூளுக்கே இப்புடின்னா, நல்ல தேயில குடுத்தா அந்த மனுசன் செத்துல்ல போயிருவாரு" என்றார்.

கடிதத்தைப் போர்த்திக்கொண்டு

அதே வாள்மறவன் ஒரு நாடகக் குழுவோடு எங்கள் பக்கம், அட்டனுக்கு வந்தார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அவருடைய நாடகத்தில் கதாநாயகன் இமயமலை உச்சியில், வெற்று மார்போடு நின்று பனியைப் பார்த்துச் சவால் விடுவான். எழுதியவரோ கடைத்தெரு மாடியறையில் இரண்டு வேட்டியை உடம்பில் சுற்றிக்கொண்டு, கால் இரண்டையும் தலையணைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தார். பல் அடிக்கிற சத்தம் படியிலேயே கேட்டது.

நான் அறிமுகம் செய்துகொண்டு, எனக்கு இன்னொரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றேன். "நேரில் நிற்கிறாயே தம்பி, எதற்குக் கடிதம்?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் சேகரிப்பவனிடம் நியாயம் பேசிப் பயன் இல்லை. அவர் கண் என் தோளில் கிடந்த கம்பளி மேலேயே இருந்தது. மழையில் கொழுந்து பறிக்கும்போது பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி. செல்லம்மாவுடையது. பஸ்ஸில் நனையாமல் இருக்க நான் எடுத்து வந்திருந்தேன். ஒப்பந்தம் வாய் திறக்காமலே முடிந்தது. கம்பளி அவர் உடம்புக்குப் போனது, பேனா அவர் கைக்கு வந்தது. "குன்றத்துக் குளிரில் குலைநடுங்கிய எனக்குக் கம்பளி தந்த கருணைக் கடலே! நம் ஊருக்கு எப்போது வருகிறாய்? உனக்காக என் வீட்டு வாசல் என்றும் திறந்திருக்கும். உன் அண்ணன், வாள்மறவன்." கை நடுக்கத்தில் எழுத்தெல்லாம் அலை அலையாக இருந்தது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கம்பளி எங்கே என்ற கேள்வி வந்தது. கடிதத்தை நீட்டினேன். வாசிக்கத் தெரிந்தவள்தான், முழுவதும் வாசித்தாள்.

"நல்லாருக்கு. நாளைக்கு மழைக்கு இதப் போத்திக்கிட்டுக் கொழுந்து பறிக்கவா? விசாரணைக்காரங்க கையில மட்டும் இது கெடச்சிச்சு, அந்தத் தொறந்த வாசலுக்குத்தான் நம்மள அனுப்பி வைப்பாங்க."

சோழ மன்னனுக்கு மலேரியா

எங்கள் தோட்டத்திலும் ஒரு நாடகாசிரியர் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர், சந்தனசாமி ஐயா. இருமலுக்கு மருந்து கலக்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நாடகம் எழுதுவார். திருவிழாவுக்குத் திருவிழா பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் எடுக்கிற மைதானத்தில், அவர் நாடகம் நடக்கும். இறம்பொடை, ராகலைப் பக்கத் தோட்டங்களிலும் கேட்டு வாங்கிப் போடுவார்கள். வசனம் மோசமில்லை. ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் மூன்றாம் காட்சிக்குள் யாராவது காய்ச்சலில் விழுந்துவிடுவார்கள். ஒரு நாடகத்தில் சோழ மன்னனுக்கு மலேரியா. எதிரிப் படை கோட்டை வாசலில் நிற்கிறது. மந்திரி மண்டியிட்டு, "மன்னா, கொயினா மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்கிறார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் எதிரிப் படையே மறந்துபோய்த் திரைக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு நாள் இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். ஐயா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னப்பா ராமையா, நாடகாசிரியருங்க கடிதமெல்லாம் சேக்கிறியாமே. பெட்டி நெறஞ்சிருச்சா?" என்று கேட்டார். இடம் இருக்கிறது என்றேன். "உள்ளூர் ஆளுங்கள்லாம் சேத்தி இல்லையோ?" என்றார், போத்தலைப் பார்த்துக்கொண்டு. எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "ஒங்க கையெழுத்துத்தான் எங்க வீட்ல நெறய இருக்கே ஐயா, மருந்துச் சீட்டுல" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. மூடியை இறுக்கி மூடி, போத்தலை மேசையில் சற்றுச் சத்தமாகவே வைத்தார்.

"இந்தா. மூணு வேள. நல்லாக் குலுக்கிக் குடி."

உண்மை விளம்பி

விசாரணைக்கு நுவரெலியாவுக்கு அழைப்பு வந்தது. அதிகாரி ஒரு சிங்களவர், இளவயது, பொறுமைசாலி. அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் துருக்கித் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர் மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்த கணக்கு, அரிசி வாங்கும் கூப்பன் புத்தகம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. செல்லம்மா என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தொப்பிக்காரரிடம் நீட்டினார். மொட்டைக் கடிதம். தொப்பிக்காரர் தமிழில் வாசித்தார்: "மேற்படி ராமையா உடலால் இந்நாட்டிலும் உள்ளத்தால் இந்தியாவிலும் வாழ்பவர். அவருக்கு அங்கே அண்ணன்மார் பலர். அவர்களிடமிருந்து அவருக்கு வாரத்துக்கு மூன்று வேளை கடிதம் வருகிறது. இப்படிக்கு, உண்மை விளம்பி."  அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள். கைப்பட எழுதியதுதான், நல்ல மைதான், அடியில் கையெழுத்து இல்லையே என்று பார்த்தது. அதன்பிறகுதான் அந்த 'வேளை' காதில் விழுந்தது. கடிதத்தை வேளைக் கணக்கில் அளக்கிற மனிதர் எங்கள் மலையிலேயே ஒருவர்தான்.

யார் எழுதியது என்று தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. அதிகாரி இரண்டு கட்டளை போட்டார். அடுத்த தவணைக்கு அந்தக் கடிதங்களை எல்லாம் கொண்டுவர வேண்டும். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததற்கும், இந்த அண்ணன்மார் யார் என்பதற்கும் விவரம் தெரிந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். யார் தருவார் என்று கேட்டார்கள். பிறப்பு, அம்மை குத்தியது எல்லாம் எங்கள் தோட்டத்தில் யார் பொறுப்பு? டிஸ்பென்சர் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் செல்லம்மாவிடம் எழுதியவர் யார் என்று சொன்னேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "இங்க பாருங்க, அந்தாளுகிட்ட போயி சண்டைய கிண்டையப் போட்டீங்க, நாம கப்பல்லதான். பிள்ளைக்கு அந்த ஊர்ல ஒரு மரத்தக்கூடத் தெரியாது" என்றாள்.

ஒன்று மட்டும் விட்டுப்போச்சு

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. மனுசனா இவன் என்று இருந்தது. ஒரு கேலிக்கு ஒரு குடும்பத்தையே கடலில் தள்ளுவதா? சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். உள்ளே ஐயா தனியாக உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தாளை மறைத்தார். முகம் வெளிறிப்போயிற்று. அவருக்கும் பயம் என்று தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்துகொண்டு போன வசனமெல்லாம் கலைந்துவிட்டது. வேறு ஒன்று வாயில் வந்தது.

"நுவரெலியாவுல ஒங்க கடிதம் ஒண்ணு பாத்தேன் ஐயா. நல்ல எழுத்து, நல்ல நடை. கையெழுத்து மட்டும் விட்டுப்போச்சு. கையெழுத்து இல்லாம என் பெட்டியில வைக்க முடியாது. அதான் கேட்டு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன்.

 ஐயா மேசை இழுப்பறையைத் திறந்து, நாடகம் எழுதுவதற்கென்று வைத்திருந்த நீளத் தாளை எடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, யாரோ இருமினார்கள், அவர் நிமிரவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார். நடுவில் ஒரு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, பேருக்குக் கீழே நாடகாசிரியர் என்று போடுவதா டிஸ்பென்சர் என்று போடுவதா என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் கோபம் வரவில்லை. ரெண்டும் போடுங்கள் என்றேன். போட்டார், நாடகாசிரியரை முதலில். உறையில் இட்டுப் பசை தடவி ஒட்டி, அதிகாரியின் பேரை எழுதிக் கையில் கொடுத்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனேப்பா" என்றார்.

ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளை?

அடுத்த தவணைக்குத் தேயிலைப் பெட்டியோடு போனேன். பஸ் கண்டக்டர் தேயிலைக்குத் தனி டிக்கெட் கேட்டார், நாடகாசிரியர்கள் என்று சொன்னதும் பேசாமல் போய்விட்டார். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். தொப்பிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து முதல் வரியையும் கடைசி வரியையும் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். முதல் வரி எல்லாவற்றிலும் 'தம்பி', கடைசி வரி பலவற்றில் 'உன் அண்ணன்'. பாதியில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னவோ கேட்டார். தொப்பிக்காரர் தயங்கித் தயங்கித் தமிழாக்கினார்: "ஒரே தாய்க்கு இத்தனை ஆம்பளப் பிள்ளையா, அதுவும் ஊருக்கு ஒருத்தரான்னு ஐயா கேக்கிறாரு." திறந்திருக்கும் வாசலைப் பற்றிய வரி வந்தபோது செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியாக டிஸ்பென்சரின் உறையைப் பிரித்தார்கள். "இவர் இத்தோட்டத்தில் பிறந்தவர். இவருக்கு அம்மை குத்தியவன் நானே, அப்போது இவர் என் விரலைக் கடித்தார். இந்த அண்ணன்மார் எவரும் இரத்த உறவல்லர், நாடகாசிரியர்கள். நாடகாசிரியர்கள் எல்லாரையும் தம்பி என்றுதான் எழுதுவார்கள். ரசிகனின் பெயர் நினைவில் நிற்காததே காரணம். நானும் அத்தொழிலில் உள்ளவன் என்பதால் அறிவேன்." இதுவரை அருமையாகப் போயிற்று. "அவர்களிடமிருந்து இவருக்கு வாரத்துக்கு இரண்டு வேளை, சில வாரங்களில் மூன்று வேளை..." தொப்பிக்காரரின் குரல் நின்றது. அவர் மெதுவாகக் கோப்பைப் புரட்டி மொட்டைக் கடிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். அதே மை. அதே சாய்ந்த எழுத்து. என்னை நிமிர்ந்து பார்த்தார்.  இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கடிதமும் குப்பை, ஐயாவின் வேலையும் போச்சு, நாங்களும் போனோம்.

என்ன விஷயம் என்று அதிகாரி கேட்டார். தொப்பிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதில் கையெழுத்து இருக்கிறது, அதில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் புரிந்தது. அதிகாரி மொட்டைக் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, டிஸ்பென்சரின் கடிதத்தைக் கோப்பில் குத்தினார். சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. செல்லம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அந்த விசாரணையன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வரும்போது தொப்பிக்காரர் கதவு வரை வந்தார். காதருகே குனிந்தார்.

"நாடகம் எழுதுற டாக்டர்கிட்ட சொல்லுங்க தம்பி, மருந்துக்குத்தான் வேள, கடிதத்துக்குத் தடவ."

இப்போதைய நிலவரம்

டிஸ்பென்சரின் அந்தக் கடிதம், என் சேகரிப்பிலேயே ஆகச் சிறந்தது, இன்றும் அரசாங்கத்தின் கோப்பில்தான் இருக்கிறது. திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். இதை ஐயாவிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்குப் புதிதாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி. இருந்தாலும் தபால்தலை ஒட்டி, தலவாக்கலைக்குப் போய், பையில் ஏறித் திரும்பி வரும்படியாகத்தான் அனுப்புவார். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி, ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நோயாளி, அடியில் கையெழுத்து. பெட்டி நிறைந்து, இரண்டாவது பெட்டிக்கு ஸ்டோரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் தபால் வந்தபோது செல்லம்மா உறைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தியாக்காரங்க தேவலங்க. அவங்க பதில் போடாமயாவது இருப்பாங்க" என்றாள்.

என் சக நோயாளிகளே, நான் கண்டது இவ்வளவுதான்: தூரத்து நாடகாசிரியர் பதில் போடாவிட்டால் ஒரு தபால்தலைதான் நட்டம், பக்கத்து நாடகாசிரியரிடம் கேட்காமல் விட்டால் ஒரு தேசமே நட்டம்.